அண்ணிக்கு ஏற்ற விட்டம்

மனிதகுலத்தை முன்னேற்றிய கேள்விகள் மூன்று. நெருப்பை அணையாமல் காப்பது எப்படி என்பது முதலாவது. கனமான பொருளை உருட்டிச் செல்வது எப்படி என்பது இரண்டாவது. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறவனை ஒன்பது மில்லிமீட்டர் குண்டால் நிறுத்துவதா, நாற்பத்தைந்து குண்டால் நிறுத்துவதா என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் விடை கண்டவர்கள் தோலுடுத்திய எளிய மக்கள். கூட்டக் குறிப்பு எழுதும் வழக்கம் அவர்களிடம் இல்லாமையால் அவர்கள் பெயர் நமக்குத் தெரியாமல் போயிற்று. மூன்றாவது கேள்விக்கு அந்தக் கதி நேரவில்லை. அதற்கு விடை காணும் பொறுப்பு, வடக்கு டகோட்டா மாநிலத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் வெஸ்ட் லிண்டால் என்னும் எங்கள் ஊரின் 'கைத்துப்பாக்கித் தற்காப்புக் கழக'த்தின் தோளில் வந்து விழுந்தது. கழகத்தின் உறுப்பினர்கள் ஒன்பது பேர். செயலாளர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனாகிய அடியேன். குறிப்புகள் முறையாக எழுதப்பட்டிருக்கின்றன.

இத்துறையில் பயிற்சி இல்லாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒன்பது என்பது மில்லிமீட்டர் கணக்கு. நாற்பத்தைந்து என்பது அங்குலத்தை நூறு கூறிட்டு, அதில் நாற்பத்தைந்து கூறு. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தால் குண்டுகளின் விட்டத்தில் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு கோதுமை மணியின் தடிமன். அந்தக் கோதுமை மணியைப் பற்றித்தான் ஓர்லின் ட்வெய்ட்டும் அவர் தம்பி டுவேன் ட்வெய்ட்டும் பத்தொன்பது ஆண்டுகளாக வாதிட்டு வந்தார்கள். விதைப்புக் காலத்திலும் வாதிட்டார்கள்; அறுவடைக் காலத்திலும் வாதிட்டார்கள். சொந்தத் தாயாரின் நல்லடக்கத்தில், போதகர் ஜெபத்துக்காகக் கண்ணை மூடிய இடைவெளியிலும் வாதிட்டார்கள். ஓர்லின் ஒன்பது கட்சி. டுவேன் நாற்பத்தைந்து கட்சி. கொள்கைக்காக இவ்வளவு உறுதியாக நின்ற சகோதரர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவர்களின் மூத்த அண்ணன் பாமர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மனைவி ஆர்டிஸ், வயது எழுபத்து நான்கு, ஊருக்கு ஆறு மைல் தள்ளி, கோதுமை வயல்களின் நடுவே ஒரு மேட்டின் மேல் நிற்கும் பலகை வீட்டில் தனியாக வாழ்கிறார். பாமர் எழுதிவைத்த உயிலில் ஒரு வாசகம் உண்டு: 'என் மனைவி பாதுகாப்பாக வாழக்கூடிய காலம்வரை இந்த வீட்டில் வாழலாம், பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதை என் தம்பிகள் முடிவு செய்வார்கள்.' பாமர் மனதில் வைத்திருந்தது செங்குத்தான மாடிப்படிகளை. ஆனால் ஒரு வாக்கியம் எழுதப்பட்டுவிட்டால் அது எழுதியவருக்குச் சொந்தமில்லை.

சிக்கல் ஒரு நகைச்சுவையில் தொடங்கியது. செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது ஆர்டிஸ் சிரித்தபடியே சொன்னார்: "நேத்து எங்க வாசலுக்கு ஒரு முகமூடிக்காரன் வந்தான். பூனைக்கு வெச்ச சாப்பாட்ட முழுசாத் தின்னுட்டு, கிண்ணத்தையும் கவுத்துப் போட்டுட்டுப் போயிட்டான்."

எங்கள் பக்கத்தில் ரக்கூன் என்றொரு விலங்கு உண்டு. பூனையைவிடச் சற்றுப் பெரியது. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை இருக்கும். பார்ப்பதற்கு முகமூடி அணிந்த திருடன் போலத் தோன்றும். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஓர்லினும் டுவேனும் சிரிக்கவில்லை. அன்று மாலை கூடிய கழகத்தின் அவசரக் கூட்டத்தில், 'முகமூடியணிந்த மர்ம நபர் ஒருவர் திருமதி ட்வெய்ட்டின் இல்லத்து வாயிலில் அத்துமீறி உணவுப் பொருள்களைச் சூறையாடியதை இக்கழகம் வன்மையாகக் கண்டிக்கிறது' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வாசகம் என்னுடையது.

செய்தி கேள்விப்பட்டு மறுநாளே ஆர்டிஸ் வந்துவிட்டார். அவர் மணமாகி வந்த காலத்தில் இந்த இரு மைத்துனர்களும் மூக்கு ஒழுகும் பையன்கள். ஆகவே அவர்களிடம் பேசும்போது அவர் அலங்காரச் சொற்களைத் தேடுவதில்லை.

"அது ரக்கூன்டா, மடையங்களா!"

"அண்ணி, தீர்மானம் நிறைவேறியாச்சு," என்றார் ஓர்லின் பணிவோடு.

"நாலு காலு. வரிவரியா வாலு. நான் என் கண்ணால பாத்தேன்."

"நாலு காலா?" டுவேன் முகம் வெளுத்தது. "அப்ப ரெண்டு ஆளு வந்திருக்காங்க."

இனி விஷயம் நிற்குமா? சகோதரர்கள் இருவரும், வாழ்நாளில் முதன்முறையாக, ஒரே கருத்துக்கு வந்தார்கள். முதல் பனி விழுவதற்குள் அண்ணியின் கையில் ஒரு கைத்துப்பாக்கி இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்த வீடு பாதுகாப்பற்றது என்று உயிலின்படி அறிவித்துவிட்டு, அண்ணியை மாவட்டத் தலைநகரில் உள்ள 'அந்தி ஒளி' முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட வேண்டும். அங்கே கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். மாலை நாலரைக்கே இரவு உணவு. தோட்டம் கிடையாது, பூனை கூடாது.

ஆர்டிஸ் கேட்டார்: "பாமரோட இரட்டைக்குழல் துப்பாக்கிதான் அலமாரில இருக்கே?"

"அது வாத்து சுடறதுக்கு, அண்ணி," என்றார் டுவேன், மனம் புண்பட்டவராக. "வர்றவன் மனுஷன். அவனுக்குன்னு ஒரு மரியாத வேணாமா?"

"சரி, அப்ப கைத்துப்பாக்கி ஒண்ணு குடுங்கடா. அடுக்களையில கரண்டிங்களோட போட்டு வெக்கிறேன். எனக்கு என் வீடு போதும்."

"எந்தத் துப்பாக்கி, அண்ணி?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

இவ்வாறாக அந்தப் பெண்மணி தம் வீட்டில் நீடிப்பதா வேண்டாமா என்பது அந்தக் கோதுமை மணியின் மேல் வந்து நின்றது.

உடனடியாக ஒரு குழு அமைத்தோம். 'குண்டு விட்ட நிர்ணயக் குழு' என்று பெயர் சூட்டினோம். தலைவர் எல்ராய் ஸ்கார், காதடைப்பான் இன்றி ஐம்பது ஆண்டுகள் தற்காப்புப் பயிற்சி செய்து இடது காதை முழுமையாகவும் வலது காதைப் பாதியாகவும் கழகத்துக்கு அர்ப்பணித்தவர். பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "குண்டு விட்ட குழுவா? நாம இன்னும் விடவே இல்லையே!" என்று வருத்தப்பட்டார். அந்தக் குறை பின்னர் நீங்கியது.

முதல் அமர்வு கோதுமைக் கிடங்கின் அலுவலகத்தில் நடந்தது. பயனாளி என்ற முறையில் ஆர்டிஸும் அழைக்கப்பட்டிருந்தார். ஓர்லின் தம் கட்சியை முதலில் முன்வைத்தார்.

"ஒன்பதுன்னா கைக்கு அடக்கம், உதைப்பும் கம்மி. ஒரே தடவையில பதினஞ்சு குண்டு போடலாம், அண்ணி. பதினஞ்சு பேரு வந்தாலும் சமாளிக்கலாம்."

"பதினஞ்சு பேரா? எங்கிட்ட ஆறு நாற்காலிதானடா இருக்கு."

"அதான் நான் சொல்றேன், நாப்பத்தஞ்சு," என்று எழுந்தார் டுவேன். "ஏழே குண்டு. ஆனா ஒண்ணு பட்டாப் போதும், ஆளு எந்திரிக்கவே மாட்டான்."

"பட்டாதான?"

"படலேன்னாலும் அந்தச் சத்தத்துக்கே ஓடிருவான்."

"நாப்பத்தஞ்சு, ஒன்பதைவிட அஞ்சு மடங்கு பெருசா?" என்று ஆர்டிஸ் கேட்டார்.

"கிட்டத்தட்ட," என்றார் டுவேன்.

"புளுகாத!" ஓர்லின் மேசையைத் தட்டினார். "அது அங்குலம், இது மில்லிமீட்டர்!"

"மில்லிமீட்டரெல்லாம் ஐரோப்பாக்காரன் சமாச்சாரம். நம்ம ஊருக்கு எதுக்கு?"

"நம்ம தாத்தாவே நார்வேக்காரருடா!"

"அதனாலதான அங்கேருந்து கெளம்பி வந்தாரு!"

இந்த வரலாற்று உண்மையைக் கேட்டதும் ஓர்லின் காப்பி ஊற்றிக்கொள்ளப் போனார். அடுத்து உடைப் பிரச்சினை வந்தது. நிபுணர்கள் நடத்தும் சோதனைகளில், வருகிறவன் நான்கு மடிப்பு ஜீன்ஸ் துணி அணிந்திருப்பதாக வைத்துக்கொள்வது மரபு. எங்கள் ஊர் ஜனவரியில் எந்தக் கொள்ளையனும் அவ்வளவு மெல்லிய உடையில் வெளியே கிளம்பமாட்டான் என்று எல்ராய் சுட்டிக்காட்டினார். கம்பளிச் சட்டை இரண்டு, வாத்து இறகு அடைத்த மேலங்கி ஒன்று, அவன் தாயார் அக்கறையுள்ளவராக இருந்தால் உள்ளே இன்னொரு கம்பளி. எனவே கோடைக்கால விட்டம், குளிர்கால விட்டம் என இரண்டு தேவைப்படுமோ என்ற ஐயம் எழுந்தது. வசந்த காலத்துக்கு என்ன செய்வது என்பதில் அன்றைய பொழுது சாய்ந்தது.

மனத்தாங்கல் வளர்வதைக் கண்டு, எனக்குத் தெரிந்த ஒரே மருந்தாகிய கதை ஒன்றைச் சொன்னேன். ஒரு காட்டில் இரண்டு முள்ளம்பன்றிகள் இருந்தன. நரியிடமிருந்து தப்பிக்க நீண்ட முள் சிறந்ததா, தடித்த முள் சிறந்ததா என்று அவை வாதிட்டன. வாதம் முற்றி, ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து சோதித்துப் பார்த்தன. அந்த வழியாக வந்த நரி இரண்டுக்கும் கட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிற்று.

உடனே மூன்று கேள்விகள் எழுந்தன.

"அந்தத் தடிச்ச முள்ளு எத்தன மில்லிமீட்டர், வாத்தியாரே?" என்றார் ஓர்லின்.

"நரிக்கு எப்படி வைத்தியம் தெரியும்?" என்றார் டுவேன்.

"கரடி எதுக்கு வந்துச்சு?" என்றார் எல்ராய்.

போதிய விவரங்கள் இன்மையால் கதை ஒத்திவைக்கப்பட்டது. வாதத்தால் ஆகாதது சோதனையால் ஆகும் என்று குழு முடிவு செய்தது. உலகெங்கும் குண்டுகளைச் சோதிக்க, மனிதச் சதைக்குப் பதிலாக ஒரு பெரிய ஜெல்லிப் பாளத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு பங்கு ஜெல்லித்தூள், ஒன்பது பங்கு தண்ணீர். கல்போல் இறுகும்வரை குளிரூட்ட வேண்டும். நல்ல குண்டு அதற்குள் பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாமல், பதினெட்டு அங்குலத்துக்கு மிகாமல் சென்று நிற்கும். எங்கள் ஊரில் ஜெல்லி என்றால் ஒரே முகவரிதான்: தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறையை முப்பது ஆண்டுகளாக ஆளும் லவான் பிரெக்கே. தூதராக ஓர்லின் சென்றார். உடன் நானும் சென்றேன்.

"லவான் அக்கா, பெருசா ஒரு ஜெல்லி வேணும்."

"எலுமிச்சையா, செர்ரியா?"

"ருசியே வேணாம்."

"ருசியே வேணாமா? ஐயோ, யாரு போயிட்டா?"

"யாரும் இன்னும் சாகல, அக்கா. சும்மா சுட்டுப் பாக்கறதுக்கு."

லவான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஜெல்லிய யாராவது சுடுவாங்களா? அடுப்புல வெச்சா உருகிடும். உங்க அம்மா ஒனக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலையா?"

துப்பாக்கி என்று விளக்கிய பிறகு அவர் நிம்மதியடைந்தார். அடுப்பைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. வரும் ஞாயிறு அறுவடை விருந்து. அதற்காக நூற்றிருபது பேருக்கு அவர் வழக்கமான பச்சை ஜெல்லியைச் செய்கிறார்; எலுமிச்சைச் சுவை, துருவிய கேரட், மேலே அடித்த பாலாடை. அத்தோடு இதையும் செய்து குளிர்பெட்டியில் வைத்துவிடுவதாகச் சொன்னார். இவ்வளவு நீளமான தட்டு அவரிடம் இல்லை; ஆர்டிஸிடம் இரண்டு இருந்தன. இரண்டையும் இரவல் வாங்கினார்.

எங்கள் தேவாலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்துக்கு வரும் பாத்திரம் தொலையாமலிருக்க, உடையவர் பெயரைக் காகிதப் பட்டையில் எழுதி அடியில் ஒட்டிவிடுவார்கள். 'ஆர்டிஸ் பேரு ஒட்டின தட்டு' என்று லவான் அடையாளம் சொன்னார். ஞாயிறன்று, ஆராதனையின் கடைசிப் பாட்டு முடியுமுன் டுவேன் கீழே இறங்கி, குளிர்பெட்டியில் முதலில் கைக்கு அகப்பட்ட தட்டின் அடியைத் தடவிப் பார்த்தார். ஆர்டிஸ் என்றிருந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சோதனை ஆர்டிஸின் வீட்டு முற்றத்திலேயே நடத்தப்பட்டது. துப்பாக்கி எங்கே பயன்படப் போகிறதோ அங்கேதான் அதைச் சோதிக்க வேண்டும். இதற்குக் 'களச் சூழல்' என்று பெயர். ஆர்டிஸ் விருந்தில் பரிமாறிக்கொண்டிருந்ததால் அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மேற்குக் காற்று கடுமையாக வீசியது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றோம். ஆகவே முகம் வீட்டை நோக்கி அமைந்தது. மேசைமேல் பாளத்தை வைத்தோம். முன்னால் நான்கு மடிப்பு ஜீன்ஸ் துணி. பின்னால் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளை ஓர்லின் அப்புறப்படுத்தச் சொன்னார். பாளம் பதினெட்டு அங்குலம் இருக்கும்போது வைக்கோல் வைப்பது அறிவியலைச் சந்தேகிப்பதாகும்.

பாளத்தின் தோற்றம் சற்றே வியப்பளித்தது. பச்சையாக இருந்தது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இழைகள் ஓடின.

"தசைநாரு!" என்றார் ஓர்லின், குரல் தழுதழுக்க. "லவான் அக்கா தசைநாரெல்லாம் வெச்சிருக்காங்க பாருங்க."

"மேல வெள்ளையா இருக்கே?"

"அது கொழுப்பு. நம்ம ஊரு ஆளுங்க மாதிரியே."

பெண்களின் ஈடுபாட்டைப் பாராட்டி ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். பின்னர் கழக மரபுப்படி, தொப்பியைக் கழற்றி, பாதுகாப்பு விதிகள் நான்கையும் ஒரே குரலில் ஓதினோம். நான்காம் விதி: 'குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறிந்துகொள்.' அறிந்துதான் இருந்தோம். குறிக்குப் பின்னால் இருந்தது ஆர்டிஸின் வீடு.

ஓர்லின் மூன்று முறை சுட்டார். டுவேன் மூன்று முறை சுட்டார். நீண்ட நேரம் பாளம் நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கோ கண்ணாடி நொறுங்கும் ஓசை கேட்டது. எல்ராய் மகிழ்ந்து, "யாரோ கைதட்டறாங்க," என்றார்.

அதன் பிறகு கரண்டிகளை எடுத்துக்கொண்டு குண்டுகளைத் தேடினோம். ஓர் அங்குலம்கூட விடாமல் தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை. கரண்டியை நக்கிப் பார்த்த டுவேனின் கண்கள் கலங்கின. "எங்கம்மா செஞ்ச மாதிரியே இருக்கு," என்றார். அண்ணன் ஒரு வாய் எடுத்துச் சுவைத்தார். பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நின்றார்கள். இரு குண்டுகளும் நிற்பதோடு அமையாமல் சுவடின்றிக் கரைந்தே போயின. எனவே இரண்டின் 'நிறுத்தும் ஆற்ற'லும் நூறு விழுக்காடு என்று குறிப்பில் எழுதினேன்.

அதே நேரத்தில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்ததை லவான் பிற்பாடு எனக்குச் சொன்னார். குளிர்பெட்டியில் இருந்த மற்றத் தட்டை ஓர் உதவிக்காரப் பெண் மேசைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். நிறமில்லாத, மணமில்லாத, பதினெட்டு அங்குலப் பாளம். கரண்டி இறங்கவில்லை, கத்தி கொண்டுவந்தார்கள். எங்கள் மக்கள் பண்பானவர்கள். அடுத்தவர் கைப்பட்ட சமையலைக் குறை சொல்வது எங்கள் மரபில் இல்லை. ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றுவிட்டு, "வித்தியாசமா இருக்கு," என்பார்கள். அதைவிடக் கடுமையான சொல் எங்கள் ஊரில் கிடையாது. அன்று கீழ்த்தளம் முழுவதும் அந்தச் சொல் ஒலித்தது. "வித்தியாசமா இருக்குல்ல?" "ரொம்ப வித்தியாசம்." போதகர் மரியாதை நிமித்தம் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். கைத்துப்பாக்கிக் குண்டை நிறுத்துவதற்கென்றே செய்யப்பட்ட பொருளை நூற்றிருபது பேர் மென்று விழுங்கினார்கள். கடைசித் துண்டை மட்டும், வழக்கம்போல், யாரும் எடுக்கவில்லை. ஒருவர் பாதியாக வெட்டினார், அடுத்தவர் அந்தப் பாதியைப் பாதியாக வெட்டினார்.

ஆர்டிஸ் பரிமாறி முடித்துவிட்டு, தாமும் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். தட்டைத் தூக்கி அடியில் இருந்த பெயரைப் பார்த்தார். மேலங்கியைக்கூட மாட்டிக்கொள்ளாமல் வண்டியைக் கிளப்பினார்.

அவர் வந்து சேர்ந்தபோது குழு முழுவதும் அவர் சமையலறையில் அளவெடுத்துக்கொண்டிருந்தது. சுவரில் ஆறு துளைகளை எல்ராய் கண்டுபிடித்ததும், கரைந்ததாக நாங்கள் கருதிய குண்டுகளின் முழு வரலாறும் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. ஒன்பது, பலகைச் சுவரைத் துளைத்து, ரொட்டி மாவு டப்பாவைத் துளைத்து, குளியலறைக் கதவைத் துளைத்து, எதிர்ச் சுவர் வழியாகக் கோதுமை வயலுக்குப் போய்விட்டது. நாற்பத்தைந்து, சுவரைத் துளைத்து, ஜன்னலை நொறுக்கி, அடுப்பில் ஒன்று, பாமரின் படத்துக்கு அரையடி தள்ளி ஒன்று, கூரையில் ஒன்று எனக் குடியேறிவிட்டது. குண்டின் விட்டம் வீட்டின் விட்டத்தில் பதிந்திருந்த அந்தக் காட்சி, சொல்லாட்சியில் ஈடுபாடு உள்ளவன் என்ற முறையில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி அளித்தது.

"அண்ணி, கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க. அளவு மறைக்குது," என்றார் ஓர்லின், நாடாவைப் பிடித்தபடி.

ஆர்டிஸ் நகரவில்லை. தரையெல்லாம் மாவு. அதன்மேல் ஒன்பது பேரின் காலணித் தடங்கள்.

"ஒன்பது வீட்டையே தாண்டிப் போயிருச்சு," என்று டுவேன் உற்சாகமாகச் சொன்னார். "நாப்பத்தஞ்சு பாருங்க, ஒழுக்கமா அடுப்போட நின்னுச்சு. இப்ப நீங்களே சொல்லுங்க, எது பாதுகாப்பு?"

"ஞாயித்துக்கெழம இந்நேரம் நான் எங்க நிப்பேன்னு தெரியுமாடா ஒனக்கு?" ஆர்டிஸின் குரல் உயரவில்லை. "இங்கதான். இந்த டப்பாவுக்கு முன்னாடி. விருந்து இல்லேன்னா இன்னிக்கும் நின்னிருப்பேன்."

எல்ராய்கூட அதைக் கேட்டுவிட்டார். பிறகு டுவேனின் முகத்தில் மெல்ல ஓர் ஒளி பரவியது.

"அதத்தான் அண்ணி நாங்களும் சொல்றோம். இந்த வீடு ஆபத்து!"

"ஆமா அண்ணி," என்றார் ஓர்லின், சுவரைத் தட்டிப் பார்த்து. "வெறும் பலகை. குண்டுங்க பாட்டுக்கு உள்ள வருது, போவுது. ஒரு தடவ இல்ல, ஆறு தடவ. இத எப்படிப் பாதுகாப்புன்னு சொல்ல முடியும்?"

உயிலின் வாசகத்தை இருவரும் என்னிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வீட்டின்மேல் பேராசை இருந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர்கள் உண்மையாகவே பயந்துபோயிருந்தார்கள். அண்ணியின்மேல் அவ்வளவு அன்பு. செவ்வாய்க்கிழமை சிறப்புக் கூட்டம் என்று முடிவாயிற்று. பொருள் ஒன்று: ஆறு முறை சுடப்பட்ட காரணத்தால் அந்த வீட்டைப் பாதுகாப்பற்றது என அறிவித்து, அண்ணியை 'அந்தி ஒளி'க்கு மாற்றுவது. பொருள் இரண்டு: விட்டம் குறித்த இறுதி முடிவு, அண்ணிக்கு இனித் துப்பாக்கி தேவைப்படாவிட்டாலும் கேள்வி கேள்விதானே. ஆர்டிஸ் துடைப்பத்தை எடுத்து, எங்கள் கால்களைச் சுற்றி மாவைப் பெருக்கத் தொடங்கினார். கால்களைத் தூக்கிக் கொடுத்து ஒத்துழைத்தோம்.

செவ்வாய் காலை கிடங்கு அலுவலகத்தில் பொருள் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. கைகள் உயர்ந்தன. எண்ணத் தொடங்கினேன். என் கையும் உயர்ந்திருந்ததால் ஒரு கையால் எழுதுவது சிரமமாக இருந்தது. அப்போது கதவு திறந்தது. மாவட்டக் காவலைக் கவனிக்கும் ஷெரீப் அலுவலகத்தின் துணை அதிகாரி மார்சி ஹோவ்லண்ட் உள்ளே வந்தார். கையில் ஒன்பது உறைகள். அவர் பின்னால் ஆர்டிஸ். கையில் ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழக் கேக்.

"எல்லாரும் கையத் தூக்கிட்டு இருக்கீங்க, நல்லதாப் போச்சு," என்றார் மார்சி. "அப்பிடியே இருங்க. ஆளுக்கொண்ணு."

ஒருவருக்கு உறை, அடுத்து ஒரு கேக் துண்டு என வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். வெறுங்கையோடு நீதிமன்ற உத்தரவு கொடுக்கும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. உறைக்குள் மாவட்ட நீதிபதி கையொப்பமிட்ட ஒரே ஒரு தாள் இருந்தது. பெயர் குறிப்பிடப்பட்டுள்ள நபர்கள் எவரும் துப்பாக்கியோடு ஆர்டிஸ் ட்வெய்ட்டின் வீட்டுக்கு முந்நூறு கஜத் தொலைவுக்குள் வரக் கூடாது. கேட்காமல், துப்பாக்கி இல்லாமலும் வரக் கூடாது. உத்தரவு நடப்பில் உள்ளவரை அந்த வீடு பாதுகாப்பானதே என்று நீதிபதி தம் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார். உயிலின் வாசகம் அதோடு வாயை மூடிக்கொண்டது.

ஓர்லின் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அண்ணி, கடைசியா எந்த விட்டத்துக்குத்தான் முடிவு பண்ணீங்க?"

"இந்தத் தாளுக்கு விட்டமே கெடையாதுடா. எட்டரைக்குப் பதினொண்ணு."

"எட்டரையா? மில்லிமீட்டரா?"

"அங்குலம்."

"பாத்தியா!" டுவேன் துள்ளி எழுந்து அண்ணனின் முதுகில் ஓங்கி அறைந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல, அங்குலந்தான்!"

எல்ராய் உயர்த்திய கையை இன்னும் இறக்கவில்லை. மார்சி சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார். ஆர்டிஸ் எல்லோரும் உண்டு முடிக்கும்வரை காத்திருந்து, காலித் தட்டை வாங்கிக்கொண்டு, தம் வீட்டுக்குப் புறப்பட்டார்.

உத்தரவோடு இணைத்திருந்த மனுவின் நகலை நான் வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாகப் படித்தேன். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது மிகச் சிறந்த மனு. அச்சிட்ட கேள்விகளுக்கு எதிரே நீல மையில், முத்து முத்தான கையெழுத்து. 'யாரிடமிருந்து பாதுகாப்புக் கோரப்படுகிறது?' என்ற கேள்விக்கு எதிரே ஒன்பது பெயர்கள் இருந்தன, ஒன்பதாவது என்னுடையது. அடுத்த கேள்வி: 'மேற்கண்ட நபர்கள் மனுதாரருக்கு என்ன முறை?' எதிரே ஆர்டிஸ் இரண்டு சொற்கள் எழுதியிருந்தார்: 'என் பாதுகாவலர்கள்.' சிவப்புப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் தேடினேன். பிழை ஒன்றும் இல்லை.